கோத்தகிரியில் புத்தகப் பகிர்வுக் கூட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரியில் மாதம் ஒருமுறை பன்னிரண்டு முதல் பதினைந்து பேர் வரை கூடுகிறோம். அவரவர் அப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, படித்து முடித்ததை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும் எளிய கூட்டம் இது. மூன்று ஆண்டுகளாகத் தடையின்றி நடக்கும் இந்தக் கூட்டத்தை அதற்கு முன் இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் தொடர முடியாமல் விட்டேன். முதல் முறை இடம் இல்லாமல் நின்றது. இரண்டாம் முறை, இரவல் கொடுத்த புத்தகங்கள் திரும்பாமல் மனத்தாங்கல் ஏற்பட்டு நின்றது. குன்னூர், குந்தா, கூடலூர்ப் பகுதிகளில் இதுபோல் தொடங்க விரும்பும் சிலர் என்னிடம் விவரம் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் அதே இடங்களில் தடுக்கி விழ வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வையுங்கள். சமவெளியில் ஒருவர் ஒரு நாவலைப் புகழ்ந்தால், கேட்டவர் மாலையில் கடைக்குப் போய் வாங்கிவிடலாம். மலையில் அதே நாவலுக்காகக் கோயம்புத்தூர் இறங்க வேண்டும், அல்லது தபாலில் வரவழைத்துக் காத்திருக்க வேண்டும். எனவே இங்கே ஒரு புத்தகத்தைப் பரிந்துரைப்பவர், அது கேட்பவரின் கைக்கு எப்படி வந்துசேரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தின் விதிகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து வந்தவை.

1. முதலில் நான்கு பேரைத் தேடுங்கள்

முதல் கூட்டத்துக்கே இருபது பேர் வர வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். ஒவ்வொரு மாதமும் தவறாமல் வரக்கூடிய நான்கு பேர் போதும். மற்றவர்கள் ஆறு மாதத்துக்குள் தாமாக வந்து சேர்வார்கள். அந்த நான்கு பேரைக் கண்டுபிடிக்கச் சிறந்த இடம் உங்கள் ஊர்க் கிளை நூலகம். யார் வாரம் தவறாமல் புத்தகம் மாற்ற வருகிறார்கள் என்பது நூலகருக்குத் தெரியும். அவரிடம் பெயர் கேட்காமல், உங்கள் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, ஆர்வமுள்ளவர்களிடம் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர்களைக் கேட்டால் அவருக்குச் சங்கடம் உண்டாகும்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதைப் பார்த்து யாரையும் விட்டுவிட வேண்டாம். வீட்டில் படகர் மொழி பேசுகிறவர்கள், மலையாளம் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள் என்று இந்த மலையில் தமிழ் படிக்கும் பலருக்குத் தாய்மொழி வேறு. எங்கள் கூட்டத்தில் மிக அதிகமாகப் படிப்பவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியம்மா. முதல் நாள் அவர் கம்பளிச் சால்வைக்குள்ளிருந்து, செய்தித்தாளில் அட்டை போட்டு, ஓரங்களை நூலால் தைத்திருந்த ஒரு சிறுகதைத் தொகுப்பை எடுத்து வைத்தார். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அதைப் படித்து முடித்த தேதியைப் பென்சிலால் எழுதியிருந்தார். அவரை அழைக்கும் எண்ணம் எனக்கு வரவே இல்லை. நூலகர்தான் தாளை அவரிடம் கொடுத்திருந்தார்.

2. நாளையும் நேரத்தையும் மலைக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள்

நாங்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டோம். தோட்டங்களில் ஞாயிறு விடுமுறை; சம்பளம் ஏழாம் தேதி அல்லது பத்தாம் தேதிக்குள் கைக்கு வந்துவிடுகிறது. பேருந்துக் கட்டணமும் புத்தகத்துக்கான பங்குத்தொகையும் கொடுக்க வேண்டியவர்களுக்கு மாதக் கடைசி ஞாயிறு கடினமாக இருக்கும். முதல் ஆண்டில் நான் இதை யோசிக்காமல் கடைசி ஞாயிற்றை வைத்ததால், வர விரும்பிய மூன்று பேர் காரணம் சொல்லாமலே நின்றுவிட்டார்கள்.

நேரம் காலை பதினொன்று முதல் ஒரு மணி வரை. மாலைக் கூட்டம் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கினால் ஹட்டிகளுக்கு (படகர் ஊர்களுக்கு)ப் போகும் பேருந்துகள் தாமதமாகும். இருட்டிய பின் காட்டெருமையும் கரடியும் நடமாடும் பாதையில் யாரையும் நடந்து போகச் சொல்ல முடியாது.

மழை மாதங்கள் எல்லாத் தாலுகாவுக்கும் ஒன்றல்ல. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் மண்சரிவும் சாலை அடைப்பும் நேரும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கடுமையாக இருக்கும். உங்கள் பகுதியின் கன மழை மாதத்தில் ஒரு கூட்டத்தை முன்கூட்டியே விட்டுவிடுவது நல்லது. ஏப்ரல், மே மாதங்களில் சீசன் நெரிசலால் பேருந்தில் இடம் கிடைக்காது என்பதால், அந்த இரண்டு மாதமும் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருப்பவர்கள் மட்டும் கூடினாலும் போதும்.

3. இடத்துக்கு எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள்

தமிழகப் பொது நூலகங்களில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே உண்டு. உங்கள் ஊர் நூலகத்தில் அது பெயரளவில் இருந்தால், தனிக் கூட்டம் தொடங்காமல் அதன் கீழேயே நடத்தலாமா என்று முதலில் கேளுங்கள். அப்படி நடந்தால் வாடகை இல்லை, நாற்காலி உண்டு, அனுமதியும் எளிது. இல்லாவிட்டால் ஊர்ச் சமுதாயக் கூடம், பள்ளி வகுப்பறை, யாராவது ஒருவர் வீட்டுக் கூடம் என்ற வரிசையில் தேடுங்கள். வீட்டில் நடத்துவது வசதி என்றாலும், பெண்களும் மாணவர்களும் முன்பின் தெரியாத வீட்டுக்கு வரத் தயங்குவார்கள் என்பதால் நான் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

வாய்மொழி அனுமதியை நம்ப வேண்டாம். முதல் முயற்சியில் எங்கள் முதல் கூட்டத்துக்கு ஒரு கூடத்தின் பொறுப்பாளர் ‘தாராளமாக நடத்திக்கொள்ளுங்கள்’ என்றார். அன்று காலை போனால் கதவில் பூட்டு. சாவி வைத்திருந்தவர் உறவினர் திருமணத்துக்காகக் கீழே இறங்கிவிட்டிருந்தார். ஆறு பேர் கூரை ஓரத்தில் ஒதுங்கி நின்று, புத்தகங்கள் மழையில் நனையாமல் இருக்க ஒரே குடைக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் திரும்பினோம். அதில் இருவர் பிறகு வரவே இல்லை.

கடிதத்தை குறைந்தது பதினைந்து நாள் முன்னதாகக் கொடுங்கள். அதில் நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, நுழைவுக் கட்டணம் இல்லை என்பது, விற்பனையோ கட்சி, மதப் பிரசாரமோ நடக்காது என்ற உறுதி, நாற்காலிகளைத் திரும்ப அடுக்கிவிட்டுப் போகும் பொறுப்பு, இரண்டு பேரின் கையெழுத்தும் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று தேதியுடன் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாவி யாரிடம் இருக்கும், அவர் ஊரில் இல்லாவிட்டால் யாரைக் கேட்பது என்பதை அந்தப் பிரதியிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும் என்பதால், ஆண்டு முழுவதற்குமான இரண்டாம் ஞாயிறுகளை விடுமுறைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒரே கடிதத்தில் எழுதிவிடலாம்.

4. பேசும் முறையை முதல் நாளே வகுத்துவிடுங்கள்

இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். விதி இல்லாமல் விட்டால் ஒருவர் இருபது நிமிடம் கதை முழுவதையும் சொல்லிவிடுவார். கேட்டவர்களுக்கு அந்தப் புத்தகத்தைத் தொடும் ஆசையே போய்விடும். ஒருவருக்கு நான்கு நிமிடம் என்று வையுங்கள். பன்னிரண்டு பேர் பேசினால் நாற்பத்தெட்டு நிமிடம். மீதி நேரம் கேள்விக்கும், தேநீருக்கும், புத்தகம் மாற்றிக்கொள்வதற்கும் சரியாக இருக்கும். நேரம் பார்க்கும் பொறுப்பை மாதம் ஒருவருக்குக் கொடுங்கள். ஒருவரே தொடர்ந்து செய்தால் அவர் மீது வருத்தம் சேரும்.

பேசுகிறவர் தன் புத்தகம் இரண்டில் எந்த வகை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: ‘படித்துக்கொண்டிருக்கிறேன்’ அல்லது ‘படித்து முடித்துப் பரிந்துரைக்கிறேன்’. முதல் வகையானால் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். பாதி படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவதில் தவறே இல்லை. அந்தப் பேச்சில் ஒரு துடிப்பு இருக்கும். ஆனால் அதைப் பரிந்துரையாக எடுத்துக்கொண்டு இன்னொருவர் ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிவிடக் கூடாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் எண்பதாம் பக்கத்தில் இருந்துகொண்டு மனம் நிறையப் புகழ்ந்த ஒரு தடித்த நாவலை இரண்டு பேர் தபாலில் வரவழைத்தார்கள். அடுத்த மாதம் அவரே அதைப் பாதியில் நிறுத்திவிட்டதாகச் சொன்னபோது மூவருக்குமே சங்கடமாகப் போயிற்று.

பரிந்துரைப்பவர் ஒரு சிறு சீட்டு எழுதிப் புத்தகத்துக்குள் வைக்க வேண்டும். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்கங்கள், விலை ஆகியவற்றை முதல் சில பக்கங்களில் உள்ள பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். ஒரே நாவலுக்கு நான்கு பதிப்பகங்களின் பதிப்பு இருக்கலாம். நினைவிலிருந்து எழுதினால் தவறான பதிப்பு வந்து சேரும். அதன் கீழே மூன்று செய்திகள்: யாருக்குப் பிடிக்கும், யார் இப்போதைக்குத் தவிர்க்கலாம், எப்படிக் கிடைக்கும்.

நடுவில் உள்ள அந்த இரண்டாவது செய்தியை யாரும் எழுத விரும்புவதில்லை. ஆனால் அதுதான் மிகப் பயனுள்ளது. பேருந்து நடத்துநராக இருக்கும் ஒரு நண்பர், ஒரு நாவலுக்குள் வைத்த சீட்டை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சாய்வான எழுத்தில், ‘அறுபதாம் பக்கம் வரை பொறுமை வேண்டும். அதன் பிறகு கீழே வைக்க மனம் வராது. அம்மாவை அண்மையில் இழந்தவர்கள் இந்த ஆண்டு படிக்க வேண்டாம். என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, தருகிறேன்’ என்று எழுதியிருந்தார். அந்தச் சீட்டைப் படித்துவிட்டு ஒருவர் புத்தகத்தை மெதுவாக மூடி வைத்துவிட்டு, வேறொன்றை எடுத்துக்கொண்டு போனார். நான்கு வரியில் ஒரு மனிதரின் துக்கத்தை மதிக்க முடிந்தது.

மாணவர்கள் வரும் கூட்டமானால் சீட்டில் வயதையும் குறிப்பிடுங்கள். தாம் எழுதிய புத்தகத்தை விற்பதற்காக வருகிறவர்கள் நிச்சயம் வருவார்கள். அவர்கள் மற்றவர் எழுதிய ஒன்றைப் பற்றிப் பேசலாம் என்ற விதியை மரியாதையுடன் முதலிலேயே தெரிவித்துவிடுங்கள்.

5. இரவலுக்குப் பதிவேடு வையுங்கள்

நாற்பது பக்க நோட்டு போதும். பத்திகள்: வரிசை எண், புத்தகம், கொடுத்தவர், பெற்றவர், கொடுத்த தேதி, திரும்ப வேண்டிய தேதி, நிலை, திரும்பியதற்கான கையெழுத்து. ‘நிலை’ என்ற பத்தியில் அட்டை கிழிசல், ஈரக் கறை, தளர்ந்த பக்கம் ஆகியவற்றைக் கொடுக்கும்போதே எழுதிவிட்டால் பின்னால் வாக்குவாதம் வராது.

தவணை இரண்டு மாதம். தொலைந்தாலோ சேதமடைந்தாலோ அதே புத்தகத்தை வாங்கித் தர வேண்டும், அல்லது இன்றைய விலையைக் கொடுக்க வேண்டும் என்ற விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, சேரும் அன்றே எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள். கூச்சப்பட்டு நான் இதைச் செய்யாமல் விட்டதால்தான் இரண்டாவது முயற்சி நின்றது. ஒன்பது புத்தகங்கள் போனதைவிட, அவற்றைக் கேட்கத் தயங்கி நண்பர்களைப் பார்ப்பதையே தவிர்த்தது எனக்குப் பெரிய இழப்பு. திரும்ப வேண்டாத, கொடுத்துவிட்ட புத்தகங்களுக்குப் பச்சைச் சீட்டும், திரும்ப வேண்டியவற்றுக்கு மஞ்சள் சீட்டும் வைத்தால் குழப்பம் இல்லை.

முக்கியமான எச்சரிக்கை: உங்கள் உறுப்பினர் அட்டையில் எடுத்த நூலகப் புத்தகத்தை இரவல் சுற்றில் விடாதீர்கள். தொலைந்தால் பொறுப்பு உங்களுடையது. அந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசலாம். விரும்புகிறவர் தாமே உறுப்பினராகி எடுத்துக்கொள்ளட்டும். உறுப்பினர் படிவத்துக்குப் புகைப்படமும் முகவரிச் சான்றின் நகலும் தயாராக வைத்துக்கொண்டு, வைப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் எவ்வளவு என்பதை நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

6. புத்தகம் வரவழைப்பதும் செலவும்

தனித்தனியாக வரவழைத்தால் அஞ்சல் செலவு கைமீறும். கூட்டத்தில் பட்டியல் எடுத்து, ஒரே பதிப்பகத்தின் புத்தகங்களைச் சேர்த்து ஒரே முகவரிக்கு வரவழையுங்கள். பணத்தை முதலிலேயே வசூலித்துவிடுங்கள்.

வெளியூர் நண்பருக்கு நீங்கள் அனுப்புவதானால், அஞ்சல் துறை 2025 மே 1 முதல் நடத்தும் ‘ஞான் போஸ்ட்’ சேவையைக் கேளுங்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகவே செல்லும் என்பதால் அவசரத்துக்கு உதவாது. ஆனால் எங்கே இருக்கிறது என்று எண்ணைக் கொண்டு பார்க்க முடியும். புத்தகத்தில் அச்சிட்டவர் அல்லது பதிப்பித்தவர் பெயர் இருக்க வேண்டும். வார, மாத இதழ்கள் இதில் சேராது. உள்ளே சொந்தக் கடிதம் வைக்க வேண்டாம்.

ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்க, ஜூலையில் கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் நடக்கும் புத்தகத் திருவிழா எங்களுக்கு வசதி. இரண்டு பேர் பட்டியலுடன் இறங்கி, எல்லோருக்குமாக வாங்கிக்கொண்டு மறுநாள் ஏறிவிடுகிறார்கள். அவர்களின் பேருந்துக் கட்டணத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்கிறோம்.

முதல் மாதங்களில் கையில் பணம் இல்லாவிட்டால், நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களிலிருந்து தொடங்குங்கள். அவற்றை யாரும் அனுமதியின்றிப் பதிப்பிக்கலாம் என்பதால் மலிவுப் பதிப்புகள் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பல நூல்கள் இலவசமாக உள்ளன. படகர் வாழ்க்கையை நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணனின் நூல்களும் நாட்டுடைமை ஆனவை. அவருடைய ‘குறிஞ்சித் தேன்’ இந்த மலையில் நடப்பதால் எங்கள் முதல் கூட்டத்தில் அதையே எடுத்தோம். மலிவுப் பதிப்பை வாங்கும் முன் அது சுருக்கப் பதிப்பா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நூல்களுக்கு ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. முழுப் புத்தகத்தையும் ஜெராக்ஸ் எடுத்துப் பங்கிடுவது சட்டப்படி தவறு, எழுதியவருக்கும் இழைக்கும் அநீதி.

எங்கள் மாதச் செலவு தேநீர், வர்க்கி, சீட்டுக்கான தாள், ஜெராக்ஸ் எல்லாம் சேர்த்து முந்நூறு ரூபாயைத் தாண்டுவதில்லை. தலைக்கு முப்பது ரூபாய் பெட்டியில் போடுகிறோம். முடியாதவர் போடத் தேவையில்லை, யாரும் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால் எவர்சில்வர் தம்ளர்களை ஒருவர் கொண்டு வருகிறார். மிச்சம் சேர்ந்து ஆயிரம் ரூபாய் ஆனபோது எங்கள் கிளை நூலகத்துக்குப் புரவலர் தொகையாகக் கட்டினோம்.

7. ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள்

ஒரு வீட்டுப் புத்தகத்தின் பூஞ்சணம் மற்ற வீடுகளின் அலமாரிகளுக்கும் பரவும். எனவே வாங்கும்போது நடுப்பக்கத்தைத் திறந்து முகர்ந்து பாருங்கள்; மக்கிய வாடை வந்தால் இரண்டு நாள் காற்றோட்டமான நிழலில் விரித்து வைத்து, காய்ந்த பிறகு வீட்டுக்கு வெளியே உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தேய்ந்து உள்ளே இறங்கிவிடும். கணப்புக்கு அருகில் வைத்தால் பசை விட்டுப் பக்கங்கள் கழன்றுவிடும்.

அலமாரியை வெளிச்சுவரை ஒட்டிப் போடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பாலிதீன் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்; காக்கித்தாள் அட்டை போதும். இராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டும் உலர்ந்த வேப்பிலையும் துணிப்பையில் கட்டி வைக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம்.

8. கீழிருந்து விருந்தினரை அழைத்தால்

சொந்தக் காரிலோ வாடகைக் காரிலோ நீலகிரிக்கு வருபவர் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்பது 2024 மே 7 முதல் நடைமுறையில் உள்ளது. அரசுப் பேருந்தில் வருவோருக்குத் தேவையில்லை. அழைப்பை உறுதி செய்யும் அன்றே இதைச் சொல்லி, முந்தைய நாளே பதிவு செய்யச் சொல்லுங்கள். எங்கள் விருந்தினர் ஒருவர் சோதனைச் சாவடியில் வண்டியை ஓரம் கட்டிப் பதிவு செய்துவிட்டு வருவதற்குள் கூட்டமே முடிந்துவிட்டது.

9. முதல் கூட்டம் முடிந்த அன்றே

அடுத்த மாதத் தேதியையும், அன்று பேசப்பட்ட புத்தகங்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி, நூலகரிடம் கேட்டுக்கொண்டு அறிவிப்புப் பலகையில் மாட்டிவிடுங்கள். பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலும் ஒன்று மாட்டுங்கள்; எங்களில் நான்கு பேர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் வந்தார்கள். பந்துமுனைப் பேனாவால் எழுதுங்கள், மை பேனாவின் எழுத்து மூடுபனியில் கலங்கிவிடும். பசை ஒட்டாது என்பதால் நான்கு குண்டூசிகளையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.